பாடசாலைக்கும் தொழிலகத்திற்கும் இடையே ஒரு பாலம்: சிறப்புத் தேவையுள்ள எமது இளையோரின் தொழிற்கல்வி

(துன் நகரில் இடம்பெற்ற தமிழ்ப் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் இந்நாட்டிற்கு ஏதிலிகளாக வந்து சேர்ந்த எம்மவரில் பெரும்பாலோர் எந்தத் தொழிற்பயிற்சியும் பெறாமலேயே உழைக்கத் தொடங்கினர் என்பது யாவரும் அறிந்ததே. உணவகங்களில் கோப்பை கழுவினோம். மருத்துவமனைகளில் தரை துடைத்தோம். முதியோர் இல்லங்களில் துணி வெளுத்தோம். எமக்குக் கிடைக்காத அந்தத் தொழிற்சான்றிதழ் எமது பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஏக்கமே அந்த உழைப்பின் பின்னால் இருந்தது. ஆகவேதான் எங்கு நான்கு தமிழ்க் குடும்பங்கள் கூடினாலும், "உங்கள் மகனுக்கு லேர கிடைத்துவிட்டதா? மகள் கிம்னாசியத்திற்குப் போகிறாளா?" என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

இந்தக் கேள்விகளுக்கு நடுவே சில பிள்ளைகளின் பெயர்கள் மாத்திரம் எவராலும் கேட்கப்படுவதில்லை. கற்றலில் இடர் உள்ள பிள்ளை, மதியிறுக்கம் உள்ள பிள்ளை, கேட்டல் குறைந்த பிள்ளை, சக்கர நாற்காலியில் செல்லும் பிள்ளை ஆகியோரே அவர்கள். அவர்களைப் பற்றிக் கேட்டால் தாய் தகப்பன் மனம் நோகும் என்று எண்ணி உறவினர் கேட்பதில்லை. கேட்காத காரணத்தால் பெற்றோரும் சொல்வதில்லை. இவ்வாறு இரு பக்கத்து அன்பும் சேர்ந்து ஒரு பெரும் மௌனத்தை உருவாக்கி விடுகிறது. அந்த மௌனத்தின் விலையை இறுதியில் செலுத்துபவர் அந்தப் பிள்ளையே. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் தொழிலுக்கோ மேற்படிப்புக்கோ செல்ல, அவர் மட்டும் வீட்டில் இருக்கிறார். அந்தக் கோடை எமது எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்பதே இன்றைய எனது உரையின் நோக்கமாகும்.

சட்டம் எமது பக்கம் நிற்கிறது

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இந்நாட்டில் சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் வழங்கப்படுவது எவருடைய இரக்கத்தினாலும் அல்ல. அது சட்டத்தினால் உறுதி செய்யப்பட்ட உரிமை ஆகும்.

ஐ.வி. என்ற இரண்டு எழுத்துக்களால் நாம் குறிப்பிடும் இயலாமைக் காப்புறுதி 1960 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. "ஓய்வூதியத்திற்கு முன்னர் இணைவாக்கம்" என்பதே அதன் அடிப்படைக் கோட்பாடு. ஒருவருக்கு மாதாந்தப் பணத்தைக் கொடுத்து வீட்டில் இருத்துவதற்கு முன்னர், அவரைத் தொழிலுலகில் இணைப்பதற்குரிய எல்லா வழிகளையும் முயன்று பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆயினும் அக்காலத்தில் இக்காப்புறுதியின் பணம் பெரும்பாலும் தனியான சிறப்புப் பாடசாலைகளுக்கே சென்றமையால், பிள்ளைகள் கல்வி பெற்றனர். அதே வேளை ஏனைய பிள்ளைகளிடமிருந்து பிரிக்கவும் பட்டனர்.

இந்த நிலை படிப்படியாக மாறியது. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரை, உடல், உள, மனக் குறைபாடு காரணமாக எவரும் பாகுபடுத்தப்படலாகாது என்று கூறுகிறது. 2004 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் சமத்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பிள்ளையின் தேவைக்கு ஏற்ற அடிப்படைக் கல்வியை மாநிலங்கள் வழங்க வேண்டும் என்றும், இயன்றவரை பொதுப் பாடசாலையில் அவர்களை இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 2008 முதல் சிறப்புக் கல்வியின் பொறுப்பு காப்புறுதியிடமிருந்து மாநிலங்களுக்குக் கைமாறியது. எமது பேர்ண் மாநிலத்தில் 2022 முதல் சிறப்புப் பாடசாலைகள் சுகாதாரத் துறையிலிருந்து கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இது வெறும் அலுவலக மாற்றம் அன்று. சிறப்புத் தேவையுள்ள பிள்ளை ஒரு நோயாளி அல்ல, அவரும் ஒரு மாணவரே என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. மேலும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சாசனம் 2014 மே 15 முதல் இந்நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியையும் 27ஆம் உறுப்புரை தொழிலையும் பற்றியன.

மூன்று படிகள்

எம்மவரில் பலர் தொழிற்பயிற்சி என்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு என்று நினைக்கின்றனர். உண்மையில் மூன்று படிகள் உள்ளன.

முதலாவது, மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் நீடிக்கும் வழக்கமான தொழிற்பயிற்சி. இதன் முடிவில் கூட்டாட்சித் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். கேட்டல், பார்த்தல், நடத்தல் ஆகியவற்றில் குறைபாடு உள்ள பிள்ளைக்கும், எழுத்து மயக்கம் உள்ள பிள்ளைக்கும் இப்படி மூடப்பட்டதன்று. பின்னடைவு ஈடுசெய்தல் என்ற ஏற்பாட்டின் கீழ் தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, கணினி, உதவிக் கருவி போன்றவற்றைக் கோரலாம். பாடத்தின் தரம் இதனால் குறைக்கப்படுவதில்லை. திறமையை வெளிப்படுத்தும் வழி மாத்திரமே மாற்றப்படுகிறது. இதற்கான விண்ணப்பத்தை மருத்துவர் அல்லது வல்லுநரின் சான்றுடன் காலத்தோடு கொடுக்க வேண்டும். தேர்வுக்கு முதல் வாரம் கேட்டால் எவராலும் உதவ முடியாது.

இரண்டாவது, 2004இல் நடைமுறைக்கு வந்த தொழிற்கல்விச் சட்டம் அறிமுகப்படுத்திய இரண்டு ஆண்டுப் பயிற்சி. இதன் முடிவில் கூட்டாட்சித் தொழிற்சான்று வழங்கப்படுகிறது. சமையலறை, பொருட் களஞ்சியம், சில்லறை வணிகம், சுகாதாரப் பராமரிப்பு எனப் பல துறைகளில் இது உண்டு. இப்பயிற்சியில் கற்பவருக்குத் தனிப்பட்ட துறைசார் துணையாளர் ஒருவரின் உதவியைச் சட்டமே எதிர்பார்க்கிறது. இதனை முடித்தவர் விரும்பினால் சுருக்கப்பட்ட காலத்தில் முதலாவது படிக்கு ஏறவும் முடியும். "இரண்டு ஆண்டு லேரயா? அது ஒரு லேரயா?" என்று எம்மவர் சிலர் முகம் சுழிப்பதை நான் கண்டிருக்கிறேன். அச்சான்று கூட்டாட்சி அரசின் முத்திரை பெற்றது என்பதை அவர்கள் உணர வேண்டும்.

மூன்றாவது, செய்முறைப் பயிற்சி எனப்படுவது. இரண்டாம் படியை இப்போதைக்கு எட்ட இயலாத இளையோருக்காக இன்சோஸ் என்ற நிறுவனங்களின் சங்கம் 2007இல் தொடங்கிய இரண்டு ஆண்டுப் பயிற்சி இது. இன்சோஸ் இன்று ஆர்ட்டிசெட் கூட்டமைப்பின் அங்கமாக உள்ளது. பாதுகாக்கப்பட்ட பட்டறைகளிலும் இதனைக் கற்கலாம். தக்க துணையுடன் வழமையான நிறுவனங்களிலும் கற்கலாம்.

இந்த மூன்றாவது படியின் வரலாறு பெற்றோர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்றாகும். 2011இல் இயலாமைக் காப்புறுதி ஒரு சுற்றறிக்கை மூலம் இப்பயிற்சியைச் சுருக்க முற்பட்டது. முதலில் ஓராண்டு மட்டுமே. பின்னாளில் ஓய்வூதியத்தைக் குறைக்கும் அளவிற்கு உழைக்கக்கூடியவர் என்று கருதப்படுவோருக்கே இரண்டாம் ஆண்டு என்பது அதன் சாரம். இதனை எதிர்த்து இன்சியேமே, புறோகாப் முதலிய அமைப்புகள் பெற்றோருடன் சேர்ந்து ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி அதே ஆண்டில் பேர்ணில் கையளித்தன. 2016இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டுப்பாட்டிற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. இன்று ஒரு தமிழ்ப் பிள்ளை இரண்டு ஆண்டுகளும் இப்பயிற்சியைப் பெறுகிறது என்றால், அதன் பின்னால் அயலவர்களான சுவிஸ் தாய்மாரின் உழைப்பு இருக்கிறது. அடுத்த முறை அப்படியொரு பட்டியல் எமது கதவைத் தட்டும்போது எமது கையொப்பமும் அதில் இருக்க வேண்டாமா?

பாடசாலையும் தொழிலகமும் கைகோக்கும் இடம்

இனி, இப்பாலம் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

எட்டாம் வகுப்பில் பயிலும் ஒரு மகனை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். வாசிப்பு மெதுவாகவே வருகிறது. ஒரே நேரத்தில் இருவர் கட்டளையிட்டால் திகைத்து நின்றுவிடுகிறார். ஆனால் பொருட்களை வகைப்படுத்தி அடுக்குவதில் அவருடைய கை தவறுவதேயில்லை. பாடசாலை அறிக்கையில் இந்த மூன்றாவது செய்தி எங்கும் இராது. ஏனெனில் பாடசாலையில் பெட்டி அடுக்கும் பாடம் இல்லை. அத்திறமையைக் கண்டறியக்கூடிய இடம் ஒரு களஞ்சியமோ கடையோ சமையலறையோதான்.

ஸ்னுப்பர் என்று பிள்ளைகள் சொல்லும் சில நாள் அறிமுகப் பயிற்சி இங்குதான் முதன்மை பெறுகிறது. அந்த மகன் மூன்று நாட்கள் ஒரு களஞ்சியத்திற்குச் செல்கிறார். மூன்றாம் நாள் மாலையில் அங்குள்ள பொறுப்பாளர், "நேரத்திற்கு வருகிறார், அடுக்குவதில் பிழை இல்லை, ஆனால் இருவர் சொன்னால் குழம்புகிறார்" என்று எழுதிக் கொடுக்கிறார். இந்த ஒரு தாள் வீட்டு மேசை இலாச்சிக்குள் போகலாகாது. அது வகுப்பாசிரியரின் கைக்கும், சிறப்புக் கல்வி ஆசிரியரின் கைக்கும், காப்புறுதியின் தொழில் ஆலோசகரின் கைக்கும் போக வேண்டும். ஆசிரியர் அதைப் பார்த்துப் படங்களுடன் கூடிய ஒரு பணிப்பட்டியலைத் தயாரிக்கிறார். அடுத்த முறை ஒரு முழு வாரம் செல்லும்போது அப்பட்டியல் மகனின் சட்டைப்பையில் இருக்கிறது. கட்டளை இடுபவர் ஒருவர் மட்டுமே என்று நிறுவனமும் முடிவு செய்கிறது. குழப்பம் குறைகிறது. இந்த இரண்டாவது வாரத்தின் அறிக்கையே பின்னர் பயிற்சி இடத்திற்கான வலுவான சான்றாகிறது.

பாடசாலை, தொழிலகம் ஆகியவற்றின் கூட்டு என்று நான் சொல்வது இதைத்தான். பிள்ளையைப் பற்றி ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியச் செய்வதே அதன் உயிர்நாடி. பெற்றோர் அந்தச் செய்தியைச் சுமந்து செல்பவர்கள்.

இதற்குத் துணை நிற்கும் வாயில்கள் எமக்கு அருகிலேயே உள்ளன. மாநிலத்தின் கல்வி ஆலோசனை நிலையமும், பி.ஐ.சற். எனப்படும் தொழில் தகவல் நிலையமும் துன் நகரிலேயே இயங்குகின்றன. இயலாமைக் காப்புறுதி தொழில் ஆலோசனை வழங்குவதுடன், குறைபாட்டின் காரணமாக முதற் தொழிற்பயிற்சியில் ஏற்படும் மேலதிகச் செலவையும் ஏற்கிறது. 2022 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் 13 முதல் 25 வயது வரையிலான இளையோருக்குச் சிறப்பு முதன்மை கொடுத்துள்ளது. முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு 13 வயது வரை கீழிறக்கப்பட்டுள்ளது. காப்புறுதியின் துணையுடன் தொழிற்பயிற்சி பெறுபவருக்கு, பயிற்சி ஒப்பந்தத்தில் உள்ள சம்பளத்திற்கு ஈடான நாட்படி வழங்கப்படுகிறது.

பிற நாடுகள் காட்டும் வழி

இது சுவிற்சர்லாந்தில் மாத்திரம் முயலப்படும் வழியன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரச் சிறுவர் மருத்துவமனையில் 1996இல் புறொஜெக்ற் சேர்ச் என்ற திட்டம் உருவானது. மருத்துவமனைக்குத் திறமையான பணியாளர் தேவைப்பட்டனர். மறுபுறம் அறிவுசார் குறைபாடுள்ள மாணவர் வேலையின்றி இருந்தனர். மருத்துவமனையும் கல்வி நிறுவனமும் இணைந்து, மாணவரின் பாடசாலை வாழ்வின் இறுதி ஆண்டைப் பணியிடத்திற்கே கொண்டு சென்றன. வகுப்பறை மருத்துவமனைக்கு உள்ளேயே அமைந்தது. ஓராண்டுக் காலத்தில் பல பிரிவுகளில் மாறி மாறிப் பணியாற்றி மாணவர் தமக்குரிய தொழிலைக் கண்டுகொண்டனர். இத்திட்டம் பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது.

டென்மார்க்கில் நடந்தது இன்னொரு விதம். தோர்கில் சொன்ன என்பவர் தமது மகனுக்கு மதியிறுக்கம் இருப்பதை அறிந்த பின், 2004இல் ஸ்பெசலிஸ்டேர்ன என்ற நிறுவனத்தை உருவாக்கினார். நுணுக்கமாகக் கவனித்தல், ஒரே வேலையைச் சலிப்பின்றிச் செய்தல் ஆகிய இயல்புகளை மென்பொருள் சோதனைத் தொழிலின் தகைமைகளாக அவர் முன்வைத்தார். பிள்ளையின் குறையைப் பற்றி வருந்தி இருந்துவிடாமல், பிள்ளையின் இயல்பிற்கு எங்கே தேவை உள்ளது என்று தேடிய ஒரு தந்தையின் செயல் அது.

எமது தாயகத்திலும் இவ்வுரிமை ஏட்டில் உண்டு. இலங்கையில் பொதுத்துறை வேலைகளில் 3 விழுக்காடு இவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று 1988இல் சுற்றறிக்கை வெளியானது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வியிலும் வேலையிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. எனினும் ஏட்டில் உள்ளது வீட்டிற்கு வந்து சேர்வதற்குப் பாடசாலையையும் தொழில் வழங்குநரையும் இணைக்கும் ஒருவர் வேண்டும். கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் போன்ற நிலையங்களுக்குப் புலத்திலிருந்து உதவுவோர், உணவுக்கும் உடைக்கும் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அங்கு கற்று வெளியேறும் இளையோருக்குத் தொழில் வழங்கக்கூடிய நிறுவனங்களையும் தேடிக் கொடுத்தால் அந்த உதவி இரு மடங்காகும்.

பெற்றோரின் அச்சங்கள்

பெற்றோர்களே, உங்கள் மனதில் இருக்கும் சில அச்சங்களை நான் நன்கு அறிவேன். அவற்றை வெளிப்படையாகப் பேசுவோம்.

"ஐ.வி.யில் பதிந்தால் எமது வதிவிட அனுமதிக்கு இடர் வருமோ?" என்று பலர் கேட்கின்றனர். இயலாமைக் காப்புறுதி சமூக உதவிப் பணம் அன்று. அது நாம் ஒவ்வொரு மாதமும் எமது சம்பளத்திலிருந்து கட்டும் காப்புறுதி. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு இணைவாக்க உதவி கிடைப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு என்பது உண்மை. குறைபாடு ஏற்பட்ட வேளையில் தாய் அல்லது தந்தை ஓராண்டு காப்புறுதிப் பணம் செலுத்தியிருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. நீண்ட காலம் இங்கு உழைத்த குடும்பங்களுக்கு இது பெரும்பாலும் தடையாகாது. குடியுரிமை குறித்தும் அஞ்சத் தேவையில்லை. 2018 முதல் நடைமுறையில் உள்ள குடியுரிமைச் சட்டம், குறைபாட்டின் காரணமாக மொழி, வருமானம் போன்ற நிபந்தனைகளை நிறைவு செய்ய இயலாதவரின் நிலை தக்கவாறு கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்று கூறுகிறது.

"18 வயது வந்ததும் ஓய்வூதியம் கிடைக்கும்தானே, பிள்ளையை ஏன் வருத்த வேண்டும்?" என்பது இன்னொரு கேள்வி. அன்பினால் எழும் கேள்விதான். ஆனால் இணைவாக்கத்திற்கான வழிகள் முடிந்த பின்னரே ஓய்வூதியம் என்பது 2022 திருத்தத்தின் பின் இளையோர் விடயத்தில் இன்னும் இறுக்கமாகியுள்ளது. அதற்கும் மேலாக, காலையில் எழுந்து செல்வதற்கு ஓர் இடமும், பெயர் சொல்லி அழைக்கும் சக பணியாளரும் எந்த ஓய்வூதியத்தாலும் கிடைக்கமாட்டார்கள். முழுமையாக உழைக்க இயலாத பிள்ளைக்கு ஓய்வூதியம் உரிமையாகும். அதைப் பெறுவதில் எந்த இழிவும் இல்லை. ஆனால் முயலாமலேயே அங்கு சென்று நிற்கலாகாது.

"வெளியே தெரிந்தால் தமக்கையின் திருமணப் பேச்சு என்னவாகும்?" இதை எவரும் மேடையில் கேட்பதில்லை, ஆனால் வீட்டில் கேட்கின்றனர். தம்பியை மறைத்து வைத்துச் செய்யும் திருமணத்தில், அத்தம்பியைப் பிற்காலத்தில் எவர் பார்ப்பார் என்று எண்ணிப் பாருங்கள். தொழிலும் சம்பளமும் தன்னம்பிக்கையும் உள்ள தம்பியை எந்த மறைவும் இன்றி ஏற்றுக்கொள்ளும் குடும்பமே அந்த மகளுக்கும் உகந்த குடும்பம்.

இன்னொரு பக்கமும் உண்டு. யேர்மன் மொழி போதாத பிள்ளையைக் கற்றல் குறைபாடுள்ள பிள்ளையாகப் பள்ளி எண்ணிவிடக்கூடும். மொழிக் குறைவு வேறு, குறைபாடு வேறு. ஐயம் இருந்தால் கல்வி ஆலோசனை நிலையத்தில் முறையான மதிப்பீட்டைக் கோருங்கள். வீட்டில் தமிழ் பேசப்படுவதையும், பிள்ளை தமிழில் எவ்வளவு விளங்கிக்கொள்கிறது என்பதையும் அங்கு சொல்லுங்கள். கற்றல் இலக்குகள் குறைக்கப்படும்போது அது தேர்ச்சி அறிக்கையில் குறிக்கப்படும் என்பதால், அதன் விளைவுகளை முன்னரே கேட்டறியுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

சில நடைமுறைச் செய்திகளை மனதில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஏழாம் வகுப்பிலேயே வகுப்பாசிரியரிடம் தொழில் தெரிவு பற்றிப் பேசத் தொடங்குங்கள். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் காப்புறுதியின் தொழில் ஆலோசகரும் அந்த மேசைக்கு வந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் முதன்முறையாகத் தொடங்குவது, தொடருந்து புறப்பட்ட பின் பயணச்சீட்டு எடுப்பதற்கு ஒப்பாகும்.

சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். அண்ணனையோ அக்காவையோ, குறிப்பாக அந்தப் பிள்ளையையே, மொழிபெயர்ப்பாளராக இருத்தாதீர்கள். தன்னைப் பற்றிய குறைகளைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது.

காப்புறுதி அலுவலகம் உங்கள் கோரிக்கையை மறுக்க எண்ணினால், முதலில் ஒரு முன்னறிவிப்பை அனுப்பும். அதற்கு 30 நாட்களுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இறுதி முடிவு வந்த பின்னரும் 30 நாட்களுக்குள் மாநில நிர்வாக நீதிமன்றத்தில் முறையிடலாம். ஆகவே காப்புறுதியின் கடிதத்தை அன்றே திறந்து நாளைக் குறித்து வையுங்கள். 1920இல் தோன்றிய புறோ இன்ஃபிர்மிஸ், 1930இல் தோன்றிய புறோகாப், 1960இல் பெற்றோரால் உருவாக்கப்பட்ட இன்சியேமே ஆகியன ஆலோசனை வழங்கும் அமைப்புகள். அவை எமக்கும் உரியவையே.

வீட்டுப் பயிற்சியை மறவாதீர்கள். தொழில் வழங்குநர் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணை அல்ல. பிள்ளை தனியாகப் பேருந்தில் வருமா, நேரம் பார்க்கத் தெரியுமா, விளங்காததைக் கேட்குமா என்பதையே. 15 வயது மகனுக்குத் தாய் சோறு குழைத்து ஊட்டும் வீட்டில் இவை வளர மாட்டா. துன் தொடருந்து நிலையத்திலிருந்து வீடு வரை தனியே வரப் பழக்குங்கள். முதல் நாள் பின்னால் நடந்து செல்லுங்கள். பத்தாம் நாள் வாசலில் காத்திருங்கள்.

தமிழ் வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்நாட்டில் இன்று எம்மவர் உணவகங்களும் கடைகளும் நடத்துகின்றனர். வேறு பலர் பெரிய நிறுவனங்களில் பொறுப்பான பதவிகளில் உள்ளனர். திருவிழாவிற்கும் விளையாட்டுப் போட்டிக்கும் வாரி வழங்கும் கைகள் உங்களுடையவை. அந்தக் கைகளிடம் நான் கேட்பது பணம் அன்று. ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு வார அறிமுகப் பயிற்சி கொடுங்கள். முடிவில் நேர்மையாக ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். "நம்மட பிள்ளை" என்று இரங்கி நல்லதை மாத்திரம் எழுதினால் அத்தாளால் எவருக்கும் பயனில்லை.

பயிலுநரை முறைப்படி வைத்திருக்க மாநிலத்தின் அனுமதியும், தொழிற்பயிற்றுநருக்கான 40 மணிநேரப் பாடநெறியும் தேவை. அப்பாடநெறியை முடிப்பது எமது வணிகர் எவருக்கும் எட்டாத செயல் அன்று. காப்புறுதியும் தொழில் வழங்குநரைத் தனியே விட்டுவிடுவதில்லை. வேலை முயற்சி என்ற ஏற்பாட்டின் கீழ் 180 நாட்கள் வரை, வேலை ஒப்பந்தம் இன்றியே ஒருவரின் இயலுமையைப் பார்க்கலாம். வேலைக்கு எடுத்த பின்னர் தொழில் பழகும் காலத்திற்கு 180 நாட்கள் வரை சம்பள உதவித்தொகையும் கோரலாம். இடர் வந்தால் அழைப்பதற்கு ஓர் ஆலோசகரும் இருப்பார்.

இளையோருக்கு

இறுதியாக, என் அன்பிற்குரிய இளையோரே!

சிறப்புத் தேவையுடன் வாழும் தம்பி, தங்கையரே, உங்கள் நோயின் பெயரை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் உங்களுக்கு என்ன தேவை என்பதைச் சொல்லப் பழகுங்கள். "எனக்கு எழுதித் தந்தால் நன்றாகச் செய்வேன்", "சத்தம் குறைந்த இடத்தில் நன்றாக வேலை செய்வேன்" என்ற ஒரு வாக்கியம் பல கதவுகளைத் திறக்கும். உங்கள் எதிர்காலம் பற்றிய சந்திப்பில் நீங்களும் அமர்ந்திருக்க வேண்டும். உங்களைப் பற்றிப் பேசுபவர்கள் உங்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ஏனைய இளையோரே, எமது பெற்றோரைவிட உங்களுக்கு இந்நாட்டின் மொழியும் முறைமையும் தெரியும். உங்களில் எத்தனையோ பேர் தொழிற்பயிற்சி முடித்து நிறுவனங்களுக்குள் இருக்கிறீர்கள். "எங்கள் பிரிவில் ஒரு பிள்ளைக்கு அறிமுக வாரம் கொடுக்க முடியுமா?" என்று உங்கள் பொறுப்பாளரிடம் கேட்க உங்களால் முடியும். தமிழ்ப் பாடசாலையில், கோவில் முன்றலில், விளையாட்டுத் திடலில் ஒதுங்கி நிற்கும் அந்த ஒருவரை உங்கள் வட்டத்திற்குள் அழைக்கவும் உங்களால் முடியும்.

அன்பார்ந்த உறவுகளே, போரினால் கையும் காலும் இழந்தோரைத் தோளில் சுமந்து வந்த இனம் நாம். அவர்களை நாம் மறைக்கவில்லை, மதித்தோம். பிறப்பிலே வேறுபட்டுப் பிறந்த பிள்ளைக்கும் அதே மதிப்பு உரியது. இன்று இங்கிருந்து செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு செயலை எடுத்துச் செல்லுங்கள். பெற்றோர் வரும் கிழமைக்குள் வகுப்பாசிரியருடன் ஒரு சந்திப்பைக் கோரட்டும். வணிகர் ஒரு வாரத்தை ஒதுக்கட்டும். இளையோர் ஒரு கேள்வியைத் தமது பணியிடத்தில் கேட்கட்டும். அடுத்த கோடையில் எமது பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைச் சொல்லும்போது ஒரு பெயரும் விடுபடாதிருக்க இவ்வளவே போதுமான தொடக்கமாகும்.